செய்மதி விடு தூது

தமிழிலுள்ள சிற்றிலக்கிய வகைகளுள் தூது என்பதும் ஒன்றென்பதை அறியாதார் இலர். பிரிவாற்றாது வருந்தும் தலைவி, அன்னம், மயில், கிளி, மேகம், பூவை, தோழி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு என்னும் பத்தனுள் ஒன்றைத் தலைவன்பால் விடுத்துத் தன் நிலையை உரைத்து, அவன் மார்பின் மாலையை வாங்கி வருமாறு வேண்டுவதாகப் பாடுதல் மரபு. சென்ற ஆண்டு வகுப்பில் இப்பகுதியைப் பாடங்கேட்டுக்கொண்டிருந்தபொழுது எமக்கு அருகில் அமர்ந்திருந்த நண்பரொருவர், "இந்தப் பத்தில் ஒன்றாவது கடலுக்குள் முந்நூறு மைல் போய்த் திரும்புமா?" என்று எம் காதிற் கேட்டார். அவர் தூத்தூரை அடுத்த கடற்கரையூர் ஒன்றைச் சேர்ந்தவர். அவர்தம் பெரியப்பா 2017-ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் ஆழ்கடலில் இருந்தார். பின்னர் வீடு திரும்பிற்றிலர். ஆதலின் நண்பர் அதனை விளையாட்டாகக் கேட்டாரல்லர்.

அவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை. யாம் தமிழ் பயிலும் மாணவரேயன்றிப் பௌதிகம் முறையாகக் கற்றேமல்லேம். கற்றார் வாய்க் கேட்டும், நூல்களிற் கண்டும், துறைமுகத்திற் போய் விசாரித்தும் அறிந்தவற்றை எம்மனோர்க்கு விளங்குமாறு எழுதுகின்றோம். குற்றங் காணின் பௌதிகப் பகுதிப் பெரியோர் பொறுத்துத் திருத்துவாராக.

முதற்கண் நடந்ததனைக் கூறுதல் வேண்டும். 2017 நவம்பர் 30-ஆம் நாள் வியாழக்கிழமை, கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலில் இருந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் விரைந்து வலுத்துப் புயலாயிற்று. அதற்கு 'ஓகி' எனப் பெயரிட்டனர். வங்காளதேசத்தார் முன்னரே கொடுத்துவைத்த பெயர் அது. வங்கமொழியில் அதற்குக் கண் என்பது பொருளாம். அன்று யாம் பள்ளிச் சிறுவர். இரப்பர் மரங்களும் வாழைத் தோட்டங்களும் சாய்ந்து கிடந்ததும், மின்விளக்கின்றிப் பல இரவுகள் கழிந்ததும் எமக்கு நினைவிருக்கின்றன. நாஞ்சில் நாட்டு உட்பகுதியில் வாழ்வோர்க்கு இழப்பு இவ்வளவில் நின்றது. கடற்கரையார்க்கோ அப்பொழுதுதான் தொடங்கிற்று. தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரு பகுதிகளிலும் சேர்த்து இருநூற்றுக்கு மேற்பட்ட மீனவர் இறந்தும் காணாமலும் போயினர். உயிர் தப்பினோருள் பலர் இலட்சத்தீவுகளிலும் மகாராட்டிரக் கரையிலும் போய் ஒதுங்கினர்.

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி முதலிய ஊரினர் கரையோரத்தில் வலைவீசி மாலையில் மீள்வோரல்லர். சுறா முதலிய பெருமீன்களை நாடித் தூண்டிற் கயிறுகளோடு விசைப்படகிற் சென்று, பல நாள் தங்கி, சிற்சில வேளைகளில் ஒரு மாதத்துக்கு மேலும் கடலிலேயே வாழ்வோர். புயலெச்சரிக்கை கரையில் விடுக்கப்பட்டபொழுது அவர்கள் கைபேசியும் கரை வானொலியும் எட்டாத தொலைவில் இருந்தனர். ஈண்டு ஒன்று சிந்திக்கற்பாலது. அப்புயலின் மேகச்சுழியை 'இன்சாட்' வகைச் செய்மதிகள் வானிலிருந்து படம் பிடித்துக் கரைக்கு அனுப்பிக்கொண்டேயிருந்தன. வானத்துக் கண் புயலையும் கண்டது. புயலுக்குள் இருந்த படகையும் தன் பார்வை எல்லையுள் வைத்திருந்தது. ஆயினும் கண்டதைப் படகிலிருந்தார்க்குச் சொல்ல வழி இல்லாதிருந்தது.

படகிலுள்ள கம்பியில்லாப் பேசுங்கருவி ஏன் எட்டவில்லை? பூமி உருண்டையாய் இருத்தலே காரணம். அக்கருவியின் மின்காந்த அலைகள் ஏறத்தாழ ஒளியைப் போலவே நேர்கோட்டிற் செல்வன. கடலின் வளைவைத் தொடர்ந்து வளைந்து செல்லமாட்டா. நிற்கும் உயரத்தை மீட்டரிற் கொண்டு, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆற் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீட்டரில் உள்ளதென்பது கிடைக்கும். ஐந்து மீட்டர் உயரக் கம்பத்திலிருந்து அடிவானம் 8 கிலோமீட்டர். இரு படகுகள் எதிரெதிரே இருப்பின் இரண்டு எட்டும் கூடிப் பதினாறு. அலை சிறிது வளைதலால் இன்னுங் கொஞ்சம் கூடலாம். நூறு மீட்டர் உயரமுள்ள கோபுரமொன்றைக் கரையிற் கட்டினால் 36 கிலோமீட்டர் ஆகும். முட்டத்துக் கலங்கரை விளக்கத்தைக் குன்றின்மேல் அமைத்ததும் இக்கணக்கு நோக்கியே.

இன்னும் உயரமான இடம் நம்மிடத்தில் இல்லையோவெனின், மகேந்திரகிரி உண்டு. இலங்கைக்குத் தாவுதற்கு அனுமன் நின்ற மலை அதுவே என்பது நம் பக்கத்தார் கொள்கை. அதன் உச்சி 1,600 மீட்டருக்கு மேற்பட்டது. அங்கு ஒலிபரப்பி நாட்டினும் அடிவானம் 140 கிலோமீட்டருக்குச் சற்று மேலே தள்ளிப்போகுமேயன்றி, முந்நூறு மைலுக்கு அப்பால் நிற்கும் படகுக்கு எட்டாது. மலைகளால் ஆகாத காரியம் இது.

மற்றொரு பழைய வழியும் உண்டு. சிற்றலை வானொலி கேட்டோர் அதனை அறிவர். வானத்தின் மேற்பகுதியில் ஞாயிற்றின் கதிரால் மின்னூட்டம் பெற்ற காற்றடுக்கொன்று இருக்கின்றது. சிற்றலைகள் அதன்மேற் பட்டுச் சுவரிற் பட்ட பந்துபோலத் திரும்பிப் பூமிக்கு வரும். இலங்கை வானொலி தமிழகத்தார் வீடுகளிற் கணீரென ஒலித்த காலத்தில் இவ்வடுக்கு ஆற்றிய தொண்டு பெரிது. ஆனால் அது பகலில் ஒருவாறும் இரவில் ஒருவாறும் மாறும் தன்மையது. உயிர் தப்பவேண்டிய நேரத்தில் அதனை நம்பியிருத்தல் இயலாது. இன்னும், நொடிக்கு மூன்று கோடி அதிர்வுக்கு மேற்பட்ட அலைகளை அவ்வடுக்கு பெரும்பாலும் திருப்பாமல் ஊடுருவிப் போகவிட்டுவிடும். ஊடுருவிப் போன அலைக்கு அப்பால் ஒரு துணை வேண்டும்.

அத்துணை அடியில்லாக் கோபுரமாதல் வேண்டும். வானத்தில் ஒரு பொருளைத் தாங்குவாரின்றி நிறுத்துவது யாங்ஙனம்? மருந்துவாழ்மலையின் உச்சியில் நின்று கடலை நோக்கிக் கல்லெறிகின்றோம் என்று கொள்வோம். வேகம் கூடக் கூடக் கல் தொலைவிற் போய் விழும். காற்றின் தடையில்லையாயின், நொடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்த கல், தான் விழும் அளவுக்குப் பூமியும் வளைந்து கீழே போய்க்கொண்டிருத்தலால், என்றும் தரையைத் தொடாமல் உலகைச் சுற்றி நம் முதுகுப்புறமாக வந்து சேரும். செய்மதி நிற்பதன்று, ஓயாது விழுந்துகொண்டேயிருப்பது. விழுந்தும் தரை சேராமையே அதன் வாழ்வு.

இனி, பூமிக்கு அண்மையிற் சுற்றுவது விரைவாகவும், சேய்மையிற் சுற்றுவது மெல்லவும் சுற்றும் என்பது கெப்ளர் கண்ட நியதி. நானூறு கிலோமீட்டர் உயரத்திற் சுற்றும் கலம் 92 நிமிடத்தில் ஒருமுறை பூமியை வலம் வருகின்றது. ஏறத்தாழ 3,84,400 கிலோமீட்டர்த் தொலைவிலுள்ள சந்திரனுக்கு ஒரு சுற்று 27 நாளுக்கு மேலாகின்றது. ஒன்றரை மணி நேரத்துக்கும் 27 நாளுக்கும் இடையே, சரியாக ஒரு நாளிற் சுற்றுதற்குரிய தொலைவு ஒன்று இருந்தே தீரவேண்டுமன்றோ? அது நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர். அங்குள்ள செய்மதி நொடிக்கு மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடி, 23 மணி 56 நிமிடத்தில் ஒரு சுற்று முடிக்கின்றது. பூமி தன்னைத்தான் ஒருமுறை சுற்றிக்கொள்ளுங் காலமும் அதுவே. (நான்கு நிமிடக் குறைவு ஏனென்று வினவுவார், விண்மீன்கள் நாடோறும் நான்கு நிமிடம் முந்தி உதிப்பதை நினைத்துப் பார்ப்பாராக.)

செக்காட்டுவோனைக் கண்டோர்க்கு இது எளிதில் விளங்கும். செக்குமரத்தோடு பிணைத்த பலகையில் அமர்ந்திருப்பவன் தானும் சுற்றுகின்றான், மாடும் சுற்றுகின்றது. அவன் கண்ணுக்கு மாட்டின் முதுகு என்றும் ஒரே இடத்தில் இருக்கும். பூமியிலிருந்து நோக்கும் நமக்குச் செய்மதி வானத்தில் ஆணியடித்தாற்போல் நிற்பதும் அவ்வாறே. ஆணியடித்தாற்போல் நிற்றலாலேதான் வீட்டுக் கூரைமேல் வைத்த கிண்ணத்தை ஒருமுறை திருப்பி முடுக்கிவிட்டு நாம் கவலையின்றி இருக்கின்றோம்.

இவ்விடத்தைச் செய்திப் போக்குக்குப் பயன்படுத்தலாம் என்று விளங்க எழுதிக்காட்டியவர் ஆர்தர் சி. கிளார்க் என்னும் ஆங்கிலேயர். 1945 அக்டோபரில் 'ஒயர்லெஸ் வேர்ல்டு' என்னும் இதழில் அவர் கட்டுரை வந்தது. மூன்று நிலையங்களை வானிற் சமதூரத்தில் வைத்தால், துருவங்களை ஒட்டிய பகுதி நீங்கலாக உலகமெல்லாம் செய்தி பரப்பலாம் என்றார். அக்காலத்துக் கருவிகள் கண்ணாடிக் குழல்களால் ஆனவை, அடிக்கடி பழுதாவன. ஆதலின் அவற்றை மாற்றுதற்கு அந்நிலையங்களில் ஆட்கள் தங்கியிருப்பர் என்று அவர் எண்ணினார். இரண்டாண்டு கழிந்த சிறிது காலத்தில் டிரான்சிஸ்டர் தோன்றி அத்தொல்லையை ஒழித்தது. கிளார்க் 1956 முதல் 2008-இல் இறக்குமளவும் இலங்கையில் வாழ்ந்தார் என்பது நம்மவர்க்குச் சிறப்பாகச் சொல்லத்தக்கது. நம் கரைக்கு எதிர்க்கரையில் ஐம்பதாண்டு இருந்தவர் அவர். அவர் கனவு 1963-இல் 'சின்காம்' செய்மதியாலும், 1965 ஏப்ரலில் ஏவப்பட்ட 'விடிகாலைப் பறவை' என்னும் பொருளுடைய 'ஏர்லி பேர்ட்' செய்மதியாலும் நனவாயிற்று. நம் தூதிலக்கியத்துப் பறவைகளின் கூட்டத்தில் இதனையும் சேர்க்கலாம் போலும்!

பெயரைப் பற்றி ஒரு சொல். தமிழகத்தார் செயற்கைக்கோள் என்கின்றனர்; ஈழத்தார் செய்மதி என்கின்றனர். செய்யப்பட்ட மதி என விரியும் இச்சொல் சுருக்கமும் அழகும் உடையதாய் இருத்தலின் யாம் இதனையே ஆள்கின்றோம். பாகன் இல்லாது பறக்கும் வானூர்தியைப் பற்றிப் புறநானூற்றில் வரும் குறிப்பைக் காட்டி, இவையெல்லாம் நம் முன்னோர் அறிந்தனவே என்று மேடையிற் பேசுவாரும் உளர். அது நல்வினை செய்தார் துறக்கம் புகுதலைப் பற்றிய புலவரது கற்பனை. அதனைப் பொறியியலென்று கொள்ளுதல் பாட்டுக்கும் நன்மை செய்யாது, பொறியியலுக்கும் நன்மை செய்யாது.

இனிச் செய்மதி யாது செய்கின்றது எனக் காண்பாம். அது கேட்கும், மாற்றும், வலுப்படுத்தும், திரும்பச் சொல்லும். தரையிலுள்ள நிலையம் பெருங்கிண்ணமொன்றால் அலைகளைக் கூட்டிக் குவித்து மேலே அனுப்புகின்றது. 36,000 கிலோமீட்டர் கடந்து வந்த அலை மிகமிக மெலிந்திருக்கும். செய்மதி அதனைப் பெற்று, அதன் அதிர்வெண்ணைக் குறைத்து வேறொன்றாக்கி, ஆற்றலூட்டிக் கீழே அனுப்பும். அதிர்வெண்ணை மாற்றுவானேன்? பறையடிப்பவன் காதில் அருகிலிருப்பான் முணுமுணுப்பது விழுமா? செய்மதி தான் சொல்லும் குரலாலேயே தன் செவி அடைபடாதிருத்தற்கு, கேட்பதை ஒரு சுருதியிலும் சொல்வதை மற்றொரு சுருதியிலும் வைத்துக்கொள்கின்றது. சி-வரிசை எனப்படும் அலைகளில், மேலேறுவது நொடிக்கு ஏறத்தாழ 600 கோடி அதிர்வும், கீழிறங்குவது 400 கோடி அதிர்வும் உடையன.

மெலிவு எத்துணைத்து என்பதை ஒரு கணக்கால் உணரலாம். இந்திய நாட்டின் பரப்பு ஏறத்தாழ 33 இலட்சம் சதுர கிலோமீட்டர். நூறு வாட் ஆற்றலைச் செய்மதி இப்பரப்பின்மேல் ஒருசீராகத் தூவுவதாகக் கொண்டால், ஒரு சதுர மீட்டர் நிலத்தில் விழுவது ஒரு வாட்டின் 3,300 கோடியில் ஒரு பங்கு. வீட்டிலெரியும் விளக்கொன்றின் ஒளியைக் காசுமீரம் முதல் குமரிவரை பங்கிட்டுக் கொடுத்தாற்போன்றது இது. கிண்ணத்துக்கு முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் சிறு பெட்டி இத்துளியைப் பொறுக்கித் தன் இரைச்சலைக் கலவாமற் பெருக்குகின்றது. அப்பெட்டியே அதிசயமென்று எமக்குத் தோன்றுகின்றது.

நாகர்கோவிலில் மாடிதோறும் இக்கிண்ணங்களைக் காணலாம். 'ஜிசாட்-15' செய்மதி நிலநடுக்கோட்டின் மேல் 93.5 பாகைக் கீழ்த்திசை நெடுங்கோட்டில் வைக்கப்பட்டது. நம்மூரிலிருந்து அதனை நோக்கக் கிண்ணம் தென்கிழக்கினும் சற்றுக் கிழக்காகத் திரும்பி, அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 69 பாகை நிமிர்ந்து பார்க்கவேண்டும் என்பது யாம் போட்ட கணக்கு. தில்லியிலிருப்போர் அதே செய்மதியை 52 பாகையிற் காண்பர். நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் வாழும் நாம் ஏறக்குறையத் தலைக்கு மேலேயே அதனை உடையேம். ஆனால் கிண்ணத்தின் முகத்தைப் பார்த்து அது நோக்குந் திசையை மதிப்பிடுவார் ஏமாறுவர். அதன் செவி நடுவில் இன்றிக் கீழ்ப்புறத்தே வைக்கப்பட்டிருத்தலின், தோற்றத்தினும் இருபது பாகைக்கு மேல் உயர நோக்குவது அது.

தொலைவு காலத்தையும் தின்னும். நொடிக்கு மூன்று இலட்சம் கிலோமீட்டர் செல்லும் அலைக்கும் மேலே போக நொடியின் நூறில் பன்னிரண்டு பங்கு வேண்டும். கீழே வர அவ்வளவே. கண்ணிமைப்பொழுதும் கைந்நொடிப்பொழுதும் மாத்திரைக்கு அளவென்று தொல்காப்பியங் கற்ற மாணவர், ஏறுதற்கு ஒரு மாத்திரை, இறங்குதற்கு ஒரு மாத்திரை என ஒருவாறு நினைவிற் கொள்ளலாம். செய்மதி வழியாகப் பேசுவோர் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டு இடர்ப்படுவது இதனாலாயது. ஐந்நூற்றைம்பது கிலோமீட்டர் அளவில் தாழப் பறக்கும் ஆயிரக்கணக்கான சிறு செய்மதிகளை ஏவி இத்தாமதத்தை ஒழிக்கும் முறையும் இப்பொழுது வந்துள்ளது. அவை நில்லாமல் ஓடுவனவாதலின் ஒன்று மறையுமுன் மற்றொன்று தோன்ற வேண்டும். அது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.

மழைக்காலத்திற் பெருமழை கொட்டும்பொழுது தொலைக்காட்சிப் படம் கட்டங் கட்டமாகச் சிதறி நின்றுபோவதை இரு பருவமழையும் பெறும் நம் மாவட்டத்தார் நன்கறிவர். வீட்டுக் கிண்ணத்துக்கு வரும் அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவினது. மழைத்துளியும் சில மில்லிமீட்டர் பருமையுடையது. அலைநீளம் துளியின் அளவை நெருங்க நெருங்கத் துளிகள் அலையை உறிஞ்சியும் சிதறடித்தும் அழிக்கும். படம் பார்ப்போனுக்கு இது சிறு தொல்லை. கடலில் இருப்போனுக்கோ, மழை கொட்டும் நேரமே செய்தி வேண்டிய நேரம். ஆதலின் அவனுக்குரிய கருவிக்கு எஸ்-வரிசை எனப்படும், பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள அலைகளைத் தேர்ந்தனர். இவை மழையைப் பொருட்படுத்தாமல் கடந்து செல்வன.

இன்னுமோர் இடர்ப்பாடு. அலையில் ஆடும் படகிற் கிண்ணத்தை ஒரு திசைநோக்கி நிறுத்தல் எளிதன்று. எத்திசையிலிருந்து வரினும் ஒருவாறு கேட்கும் சிறு ஏற்பியே அங்கு வைக்க இயலும். சிறு செவிக்கு மெல்லிய குரல் கேளாது; படகின் சிறு குரலும் மேலே கேளாது. ஆதலாற் செய்மதிக்குப் பெருஞ்செவி வேண்டும். 2015 ஆகஸ்டு 27-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட 'ஜிசாட்-6' செய்மதியில் ஆறு மீட்டர் அகலமுள்ள வலைக்கிண்ணம் குடைபோல மடித்து வைக்கப்பட்டு, வானிற் சென்றபின் விரிக்கப்பட்டது. அதனை ஏற்றிச்சென்ற ஏவுகலத்தின் மேற்படிக்குரிய உறைகுளிர் இயந்திர வகை மகேந்திரகிரி அடிவாரத்துச் சோதனைச்சாலையில் எரித்துச் சோதிக்கப்பட்டது. கோபுரமாக நிற்கமாட்டாத அம்மலை இவ்வாறு வேறுவகையில் உதவிற்று.

இதற்குத் துணையாக 2018 மார்ச்சு 29-ஆம் நாள் 'ஜிசாட்-6ஏ' என்பதனை ஏவினர். சுற்றுப்பாதையை உயர்த்தி வருகையிற் சில நாளுக்குள் அது வாய்பேசாதாயிற்று, தொடர்பு மீளவில்லை. ஓகியின் நினைவு ஆறாத அந்நாளில் அச்செய்தி எத்துணைப் பேருக்கு உறைத்திருக்கும் என்று அறியோம். வானிற் போன பொருளைத் திருகிச் சரிசெய்வார் இல்லை. போகுமுன் எல்லாவற்றையும் இருமுறை மும்முறை சோதித்தே அனுப்பவேண்டும். அங்ஙனம் அனுப்பியும் தவறுவதுண்டு. தவறாதவற்றுக்கும் ஆயுள் எல்லையுடையது. ஞாயிறு திங்களின் ஈர்ப்பால் இடம் பெயர்வதைச் சிறு உந்துபொறிகளால் திருத்திக்கொள்ள எரிபொருள் வேண்டும். அது தீர்ந்தால் வேலை முடிந்தது. மார்ச்சு, செப்டம்பர் மாதங்களை ஒட்டிச் சில வாரங்கள் நாடோறும் பூமியின் நிழலிற் புகுந்து 72 நிமிடம் வரை இருளில் இருப்பதும் உண்டு. அப்பொழுது மின்கலத்தால் உயிர் வாழும்.

நம் நாட்டில் இக்கலை வளர்ந்த வரலாறு விரிந்தது, இரண்டொன்றே சொல்லுவாம். நிலக்காந்த நடுக்கோட்டை ஒட்டியிருத்தலால் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவ ஊரைத் தேர்ந்து, 1963 நவம்பர் 21-இல் அங்கிருந்து முதல் ஆராய்ச்சி ராக்கெட்டை விடுத்தனர். ஆண்டிருந்த மரிய மகதலேனாள் ஆலயத்தை ஊரார் விட்டுக்கொடுக்க, அதுவே தொடக்கத்தில் அலுவலகமாயிற்று. விண்வெளிக் கலை நம் நாட்டிற் கால்கொண்டது மீனவர் கொடுத்த மண்ணில் என்பதைத் தூத்தூர் நண்பர் எமக்கு நினைவூட்டாமல் இரார். 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு, அமெரிக்கரது செய்மதியை இரவல் வாங்கி ஆறு மாநிலங்களில் 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி காட்டினர். 1981 ஜூன் 19-இல் ஏவப்பட்ட 'ஆப்பிள்' நாமே செய்த முதற் செய்தித்தொடர்புச் செய்மதி. அதனைச் சோதனைக்காக மாட்டுவண்டியில் ஏற்றி வைத்த படத்தைப் பார்த்தோர் பலர். நம் மாவட்டத்துச் சரக்கல்விளையிற் பிறந்த கே. சிவன் 2018 ஜனவரியிலும், மேலக்காட்டுவிளையைச் சேர்ந்த வி. நாராயணன் 2025 ஜனவரியிலும் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையை ஏற்றனர். இருவரும் தமிழ்வழிப் பள்ளியிற் கற்றவர்.

ஓகிக்குப் பின் கடலோரத்தாரது வினாவுக்கு விடைகள் ஒவ்வொன்றாக வந்தன. முதலில் வந்தது 'நாவிக்' செய்தி வாங்கி. நாவிக் என்பது இடமறியுதற்கென ஏழு செய்மதிகளைக் கொண்டு வகுக்கப்பட்ட அமைப்பு. அவ்வலைகளோடு சிறு செய்திகளையும் சேர்த்து அனுப்பலாம் என்று கண்டு, புயலெச்சரிக்கையும் மீன்வளமுள்ள இடமும் படகிலுள்ள பெட்டிக்கு வந்து, அங்கிருந்து கைபேசியில் தோன்றுமாறு செய்தனர். 2019-இல் 'ஜெமினி' என்னும் கருவியும் இவ்வகையில் வந்தது. இவை பெரிதும் பயனுடையன. ஆயினும் இவை ஒருவழித் தூது. படகு கேட்கும், பேசமாட்டாது. எச்சரிக்கை போய்ச் சேர்ந்ததோ சேரவில்லையோ என்று கரையிலுள்ளார்க்குத் தெரியாது. இலக்கணப்படி சொல்லின், மாலை வாங்கி வாராத தூது இது.

இதற்கு மறுதலையாக, படகு பேசும் கருவியொன்று 2010 முதலே வழக்கில் இருந்தது. ஆபத்தறிவிப்பான் எனலாம். படகு மூழ்குகின்றது, தீப்பற்றியது, நோயாளிக்கு உதவி வேண்டும் என்பனபோன்ற செய்திகளுக்கு ஏற்பப் பொத்தானை அழுத்தினால், இடக்குறிப்போடு செய்மதி வழியாகப் பெங்களூரிலுள்ள நிலையத்துக்குச் சென்று, ஆண்டிருந்து கடலோரக் காவற்படைக்குப் போகும். ஆனால் ஆழ்கடற் படகுகள் எல்லாவற்றிலும் அது இருந்ததன்று. அன்றியும் அழுத்தியவனுக்கு விடை வாராது. இரவிற் கொந்தளிக்குங் கடலிற் பொத்தானை அழுத்திவிட்டு, யாரேனும் கேட்டாரோ இலரோ என்று அறியாமற் கிடப்பவன் மனநிலையை எண்ணுக. 2024 ஜனவரியில் வெளியிட்ட இரண்டாந் தலைமுறைக் கருவியில், செய்தி சேர்ந்தது என்னும் மறுமொழி படகுக்கே திரும்பி வருமாறு அமைத்தனர்.

பின்னர் வந்ததே இருவழிக் கருவி. பதின்மூன்று கடலோர மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலுமாக ஓர் இலட்சம் விசைப்படகுகளுக்கும் இயந்திரம் பூட்டிய படகுகளுக்கும், ஏறத்தாழ 360 கோடி ரூபாய்ச் செலவில், உடையார்க்கு இலவசமாக இதனைப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டு 30-இல் தொடங்கப்பெற்றது. படகிலுள்ள பெட்டி, தான் நிற்கும் இடத்தையும் சிறு செய்தியையும் நொடிப்பொழுதுக் குறுந்துணுக்காக எஸ்-வரிசை அலையில் மேலே எறியும். செய்மதி அதனைச் சி-வரிசைக்கு மாற்றித் தரைத் தலைமை நிலையத்துக்கு இறக்கும். அங்கிருந்து மீன்வளத் துறைக்கும் உரியோர்க்கும் செல்லும். கரையிலிருந்து விடையும் அவ்வழியே மீளும். குரலை அனுப்ப அலைப்பட்டை மிகுதியும் வேண்டும். குறுந்துணுக்குகளாயின் ஆயிரக்கணக்கான படகுகள் ஒரே பட்டையைத் தம்முள் பங்கிட்டுக்கொள்ளலாம். குரலின்றி எழுத்து மட்டும் செல்வதற்குக் காரணம் இதுவே.

இவற்றை ஏட்டளவிற் படித்து நில்லாது, நண்பரோடு தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்குப் போயிருந்தோம். பனிக்கட்டி ஏற்றிக்கொண்டிருந்த விசைப்படகொன்றின் ஓட்டுநர், நாற்பதாண்டு கடல் கண்டவர், சுக்கான் அறையின் மேலே பொருத்தியிருந்த வெண்ணிறப் பெட்டியைக் காட்டினார். யாம் அலைநீளத்தையும் அதிர்வெண்ணையும் பற்றி வினவ, அவர் வேறு செய்திகளைச் சொன்னார். "தம்பி, நாங்க எங்க நிக்கோம்ணு இது சொல்லிக் குடுக்கும். மீன் கெடக்க எடம் எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சுண்ணா என்ன செய்ய?" என்றார் முதலில். பல தலைமுறையாக மலையுச்சியையும் கோயிற் கோபுரத்தையும் நேர்பிடித்து இடங்கண்டு, கண்ட இடத்தை மகனுக்கன்றிப் பிறர்க்குச் சொல்லாத குடியினர்க்கு இவ்வச்சம் இயல்பே. அதனை அறியாமை என்று தள்ளுதல் எமக்கு உடன்பாடன்று. படகின் இடத்தை யார் யார் பார்க்கலாம் என்பதனை அவர்க்கு விளங்கச் சொல்லவேண்டியது கருவி கொடுத்தார் கடமை.

கட்டுமரத்திலும் இயந்திரமில்லா வள்ளத்திலும் போவோர்க்கு யாது வழியென்று நண்பர் கேட்டார். அவர்கள் கரையை விட்டு அதிகம் விலகார். கைபேசி சிறிது தொலைவு எட்டும் என்றார் ஓட்டுநர். "எட்டுத வரைக்கும் எட்டும்" என்று மேலும் ஒரு வார்த்தை கூட்டினார்.

பிறகு யாம் வேண்டாமலே தம் கைபேசியை எடுத்து அப்பெட்டியோடு இணைத்து, படகுரிமையாளர்க்கு ஒரு சிறு செய்தி அனுப்பிக் காட்டினார். செய்தி 36,000 கிலோமீட்டர் ஏறி, அவ்வளவும் இறங்கி, துறைமுகத்து ஏலக்கூடத்தில் நூறு அடி தொலைவில் நின்றிருந்த உரிமையாளரிடம் போயிற்று. விடை வருதற்குச் சிறிது நேரம் சென்றது. அது வானத்தின் குற்றமன்று, உரிமையாளர் மீன் விலை பேசிக்கொண்டிருந்தார். விடை வருமளவும் ஓட்டுநர் திரையைப் பார்த்தவாறே இருந்தார். வந்தபின் கைபேசியை உறையிலிட்டு, ஐஸ் முடிந்ததா என்று கீழே குரல் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். நண்பர் அப்படகின் பதிவெண்ணைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். ஏனென்று யாம் கேட்கவில்லை. அன்று மாலை ஐந்து மணியளவில் அப்படகு பொழிமுகம் கடந்து மேற்கே சென்றது.